கிறுகிப்போன குடும்பப் படம்

படம் எடுக்கிறவருக்கு அது ஒரு கணத்து வேலை. அதைத் திருத்த உட்காருகிறவளுக்கோ, படத்தில் இருக்கிற அத்தனை பேரோடும் குடும்பம் நடத்துகிற வேலை. மட்டக்களப்பு நகரில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து நான் வழுக்கைத் தலையில் முடி முளைக்க வைத்திருக்கிறேன், விழுந்த பல்லைக் கட்டியிருக்கிறேன். கோபித்துக்கொண்டு போன மாப்பிள்ளையைக் கலியாண வீட்டுப் படத்திலிருந்து வெளியேற்றி, ராசியானதும் கூட்டிவந்து பழைய இடத்திலேயே நிறுத்தியும் இருக்கிறேன். இதே தொழிலில் கண் எரிந்து, கழுத்துப் பிடித்து, மௌஸ் பிடித்த விரல் மரத்துப்போன என் இனத்தவரே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களும் பக்கத்தில் இருந்து கேட்கலாம்.

முதலில் ஒரு சொல். மற்ற ஊர்களில் "திரும்பு" என்பதை நாங்கள் "கிறுகு" என்போம், "திருப்பு" என்பதைக் "கிறுக்கு" என்போம். "இஞ்சால கிறுகுங்க, இன்னும் கொஞ்சம் கிறுகுங்க" என்று நாள் முழுக்கக் கத்துகிற தொழில் எங்களுடையது.

கடல் தொட்ட படங்கள்

சுனாமிக்குப் பிறகு வெகுகாலம் எங்கள் ஸ்டூடியோவில் புதுப்படம் எடுத்ததைவிடப் பழைய படம் காயவைத்ததுதான் அதிகம். கண்ணாடியோடு ஒட்டிப்போனது, உப்புப் பூத்தது, மணல் உரசி முகம் அழிந்தது என்று பொலித்தீன் பைகளில் கொண்டுவருவார்கள். வீடு போனதை, தோணி போனதைப் பொறுமையாகச் சொல்கிறவர்கள்கூடப் படத்தை மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட ஒரு படத்தில் கறை விலகி ஒரு கண் தெரியத் தொடங்கினால் எனக்கு இருப்புக் கொள்ளாது. கதிரையை விட்டு எழும்பி இரண்டு தரம் நடந்துவிட்டு வருவேன்.

மாங்கேணியிலிருந்து ஒரு மீனவர் மனைவியோடு வந்தார். அவர்களுடைய கலியாணப் படத்தில் மனைவியின் முகம் பளிச்சென்று இருந்தது. அவர் முகம் இருந்த இடத்தில் வெறும் வெள்ளைக் கறை. வேறு படம் இருந்தால் முகத்தை எடுத்து வைக்கலாம் என்றேன், ஒன்றும் மிஞ்சவில்லையாம். இப்போதைய முகத்தை வைத்தால் மாப்பிள்ளைக்குத் தலை நரைத்திருக்கும். நான் மூளையைக் கசக்கிக்கொண்டிருக்க, அவர் மனைவியைக் காட்டிச் சொன்னார்: "அவட முகத்த மட்டும் வடிவாச் செய்ங்க தங்கச்சி. என்ட முகம் படத்தில எதுக்கு? அவ தினமும் நேரில பாக்கிறாதானே."

அதே இருப்பு, அதே நிற்பு

யுத்தம் முடிந்த அடுத்த வருசம் செட்டிபாளையத்திலிருந்து சாந்தி அக்கா வந்தார். அவர் கையில் இருந்தது எனக்கு ஏற்கெனவே பழக்கமான படம். சுனாமிக்குப் பிறகு சேறு கழுவிக் கறை நீக்கிக் கொடுத்தவள் நான்தான். அப்பாவும் அம்மாவும் கதிரைகளில் இருக்கிறார்கள். அம்மாவின் பக்கத்தில் பத்து வயதுச் சாந்தி. நடுவில் ஒரு வாங்குப் பலகையில் ஏறி நிற்கிற ஐந்து வயதுத் தம்பி ரமேஷ். பின்னால், அப்போதுதான் மீசை அரும்பிய தாய்மாமன். அப்பா பிறகு நோயில் போய்விட்டார். அம்மாவைக் கடல் கொண்டுபோனது.

தம்பி ரமேஷ், அந்தப் படம் எடுத்துக் கொஞ்சக் காலத்தில், சண்டையில் ஊர் கலைந்து சனம் காட்டு வழியாக ஓடியபோது கூட்டத்தில் கைநழுவிப் போனவன். யாரோ அவனை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிவிட, எங்கெங்கோ போய், வன்னியில் பிள்ளையில்லாத ஒரு குடும்பத்தில் வளர்ந்தான். யுத்தம் முடிந்து முகாமில் இருந்தபோது, "ஆத்துக்கும் கடலுக்கும் நடுவில வீடு, அக்கான்ர பேர் சாந்தி" என்று அவன் சொன்னதை எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் கேட்டு ஊருக்குக் கொண்டுவந்தார். இப்போது அவன் தாடி வைத்த இளைஞனாக அக்கா வீட்டில் இருக்கிறான்!

சாந்தி அக்காவுக்கு அவனை வைத்து ஒரு ஆசை. பழைய படத்தைப் போலவே உடுத்தி, அதே இருப்பு, அதே நிற்பில் எடுத்து, பழைய படத்தின் மங்கல் நிறமும் மடிப்புக் கோடும் உட்பட அச்சொட்டாக ஆக்கிச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் மாட்ட வேண்டும். கனடாவில் இருக்கிற சொந்தக்காரப் பிள்ளை இப்படி ஒரு படம் அனுப்பியிருந்ததாம். எனக்குச் சந்தோசத்தில் கை பரபரத்தது. அப்பா அம்மா இடத்தில் யார் இருப்பது என்று கேட்டேன். "அப்பாட இடத்தில எங்கட இவர், என்ட இடத்தில மகள், அம்மாட இடத்தில நான். தம்பி மட்டும் தம்பிட இடத்திலேயே நிப்பான்கா." அந்தக் கடைசிக் "கா" எங்கள் ஊர்ப் பேச்சின் செல்ல ஒட்டு.

பொக்கற் இருந்த பக்கம்

படத்தில் அப்பா போட்டிருந்தது கோடு போட்ட சேட். அதே மாதிரித் துணி தேடிப் பிடித்து, ஏறாவூரில் தையல் கடை வைத்திருக்கிற ரசீத் நானாவிடம் படத்தின் பிரதியோடு அனுப்பினோம். இரண்டு நாளில் ஸ்டூடியோவுக்குப் போன் வந்தது. பொக்கற் வலப்பக்கம் இருக்கிறதே, இது சரியா என்று கேட்டார். நான் சாந்தி அக்காவிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. அப்பாவுக்குப் பீடி ஒளிக்கிற பழக்கம், அதனால் ஆரும் கை வைக்காத பக்கத்தில் பொக்கற் வைத்துத் தைத்திருப்பார் என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. படத்தில் எப்படியோ அப்படியே தையுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

சேட்டை அவரே கொண்டுவந்து தந்தார். தையல் அவ்வளவு வடிவு. ஆனால் முகத்தில் கொஞ்சமும் திருப்தி இல்லை. "தங்கச்சி, வலப்பக்கம் பொக்கற் வெச்சு நான் தைச்ச முதல் சேட் இது. ஆரும் கேட்டா ஏறாவூரில தைச்சதெண்டு மட்டும் சொல்லிராதீங்க."

வலத்தோளில் முந்தானை

படம் எடுக்கிற நாள் வந்தது. எங்கள் படப்பிடிப்பாளர் ஜோசப் அண்ணன் பழைய படத்தில் இருந்த மாதிரி மலையும் மாளிகைப் படியுமாகத் ஒரு திரைச்சீலையே வரைந்து வைத்துவிட்டார். சாந்தி அக்கா அம்மாவின் சேலை மாதிரி ஒன்று கொண்டுவந்தார். படத்தில் முந்தானை வலத்தோளில் கிடந்தது. வலத்தோளில் போட்டுப் பாருங்கள், கை மறுத்துவிடும். கொய்யக மடிப்பு எதிர்ப்பக்கம் போகிறது, ஊசி குத்துகிறது, முந்தானை வழுக்குகிறது. அவரும் மகளும் நானுமாக மூன்று பேர் மல்லுக்கட்டினோம். "அம்மா எப்பிடித்தான் கட்டினாவோ தெரியாகா" என்று சாந்தி அக்கா வேர்த்துப்போனார். அந்தக் காலத்து ஸ்டைலாக இருக்கும் என்று நான் பெரிய மனிசி மாதிரி விளக்கம் கொடுத்தேன்.

ரமேஷ் வாங்கில் ஏறினால் தலை திரைச்சீலைக்கு மேலே போய்விடும். ஆகையால் முழங்காலில் நிறுத்தினோம். சிரித்து வயிறு நொந்தது. மாமாவின் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. அவர் வர மறுத்துவிட்டார். இடைவேளையில் சாந்தி அக்கா பழைய படத்தைத் தம்பி மடியில் வைத்து, அம்மாவின் முகத்தைத் தொட்டுக் காட்டி, நினைவு வருகிறதா என்று கேட்டார். இது எத்தனையாவது தரமோ தெரியாது. அவன் நெடுநேரம் பார்த்தான். பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை. "இவவ அம்மா எண்டு சொல்ல எனக்கு ஆசைதான் அக்கா. ஆனா முகம் பிடிபடேல்லை."

ஒரு தழும்பு

மறுநாள் சாந்தி அக்கா தனியாக வந்தார். கதிரையை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக் குரலைத் தாழ்த்தினார். மாமா வராததற்குக் காரணம் அப்போதுதான் தெரிந்தது. ரமேஷ் சின்ன வயதில் கிணற்றுக்கட்டில் விழுந்து புருவம் பிளந்தவன். படத்தில் அந்தத் தழும்பு இடப்புருவத்தில் தெளிவாக இருக்கிறது. வந்திருக்கிறவனுக்கோ வலப்புருவத்தில். எந்தப் பக்கம் என்பது சாந்தி அக்காவுக்கு நினைவில்லை, மாமாவுக்கும் நினைவில்லை. ஆனால் படம் இருக்கிறதே! காயம் பக்கம் மாறாது, இது வேறு யாரோ வீட்டுப் பிள்ளை என்று மாமா சொல்லிவிட்டார். அவனைத் "தம்பி" என்று மரியாதையாகக் கூப்பிடுவாராம். "மருமகன்" என்ற சொல் மட்டும் வாயில் வராதாம்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் எந்தக் குடி, அதாவது எந்த வம்சம் என்பது தாய் வழியாகத்தான். அதைச் சபையில் சொல்ல வேண்டியவர் தாய்மாமன். ரமேஷுக்கு ஒரு நல்ல இடத்தில் கலியாணம் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்ணை அவனுக்கும் பிடித்திருந்தது. பெண் வீட்டார் கேட்டது ஒரே கேள்வி: மாப்பிள்ளை என்ன குடி? மாமா வாய் திறக்காவிட்டால் கலியாணமும் இல்லை, அவனுக்கு இந்த ஊரில் ஒரு தாயும் இல்லை. அவன் மறுபடி வன்னிக்கே போகிறேன் என்று பையை எடுத்து வைத்துவிட்டானாம். சாந்தி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "புதுப்படத்தில அந்தத் தழும்ப மற்றப் பக்கம் மாத்தி விடுகா. மாமா படத்தைத்தானே நம்புறார், படத்தையே பாக்கட்டும்."

பிழையான லேயர்

செய்யலாமா, கூடாதா என்று எனக்குள் பெரிய வழக்கே நடந்தது. படத்தில் மாற்றினாலும் ஆளின் நெற்றியில் மாற்ற முடியுமா? ஆனாலும் அந்தக் கை பிடித்த பிடி என்னை விடவில்லை. சும்மா செய்துதான் பார்ப்போமே என்று காலையில் தொடங்கினேன். தழும்பை வெட்டி ஒட்டுவது மெனக்கெட்ட வேலை. தலையை மட்டும் எடுத்துப் பக்கம் மாற்றிக் கிறுக்கிவிட்டால் தழும்பும் தானாக மற்றப் பக்கம் போய்விடும். எங்கள் தொழிலின் சோம்பேறி வழி அது, உங்களுக்குத் தெரியாததா! ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படத்தையும் புதுப்படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தேன். அந்த அடுக்குகளுக்கு லேயர் என்று பேர். கிறுக்குகிற கட்டளையை அழுத்தினேன். தெரிவுசெய்திருந்த லேயர் பிழை. ரமேஷின் தலை அப்படியே இருந்தது. பழைய படம் முழுக்கக் கிறுகிவிட்டது.

சீ என்று பழையபடி மாற்றக் கை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அப்பாவின் பொக்கற் இடப்பக்கம் வந்திருந்தது. அம்மாவின் முந்தானை எல்லாப் பெண்களையும் போல இடத்தோளில் கிடந்தது. சின்ன ரமேஷின் தழும்பு வலப்புருவத்தில்! நான் போட்ட சத்தத்தில் ஜோசப் அண்ணன் தேநீர்க் கோப்பையோடு ஓடிவந்தார். திரையைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. படச்சுருளுக்கு மினுங்குகிற பக்கம், மங்கல் பக்கம் என்று இரண்டு உண்டு. அச்சிடும்போது பக்கம் மாற்றி வைத்தால் ஊரே கண்ணாடிக்குள் போன மாதிரி இடம் வலம் மாறிவிடும். பழைய ஸ்டூடியோக்காரர் யாரோ அப்படித்தான் வைத்திருக்கிறார். இத்தனை வருசமாகச் சுவரில் தொங்கியது கிறுகிப்போன படம். நாங்களோ மனிசரை எல்லாம் அதற்கேற்ற மாதிரி வளைத்துக்கொண்டிருந்தோம். ஜோசப் அண்ணன் கோப்பையை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இதில ஒண்டும் புதினம் இல்ல பிள்ள. நான் தொழில் படிச்ச காலத்தில ஒரு கலியாண அல்பத்தில இப்பிடித்தான் மாப்பிள்ளையை இடக்கையால பொம்பிளைக்குச் சோறு தீத்த வெச்சனான். பொம்பிள வீட்டார் அவருக்கு வளர்ப்புச் சரியில்ல எண்டுட்டாங்க."

ஹெல்மெட்டுக்குள் ஒரு கன்னம்

ஆனால் மாமா நம்ப வேண்டுமே! கொம்பியூட்டரில் மாற்றிவிட்டீர்கள் என்றுதான் சொல்வார். நான் பழைய படத்தைப் பெரிதாக்கித் துழாவினேன். மாமாவின் முகத்தில் கண் நின்றது. பின்வரிசையில் நிற்கிற அந்த இளைஞனின் வலக்கன்னத்தில் மிளகளவில் ஒரு மச்சம். மாமாவை நான் நேரில் கண்டதே இல்லை. அவருக்கு மச்சம் உண்மையில் இடக்கன்னத்தில் இருந்தால் வழக்கு முடிந்தது. வலக்கன்னத்தில் இருந்தால் நாங்களும் முடிந்தோம். சாந்தி அக்காவிடம் போனில் கேட்டிருக்கலாம், பயத்தில் கேட்கவில்லை. தம்பியையும் மாமாவையும் எப்படியாவது கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

சாந்தி அக்காவின் கணவர் மாமாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார். வயல் வட்டையில் வெள்ளாமை பார்த்துக்கொண்டு நின்றவரை அப்படியே ஏற்றி வந்திருக்கிறார், காலில் சேறு. மாமா இறங்கினார், ஸ்டூடியோவுக்குள் வந்தார், கதிரையில் இருந்தார். தலையில் ஹெல்மெட்! அது கன்னத்தை இரண்டு பக்கமும் மூடிக்கொண்டிருந்தது. கழற்றுங்கள் என்று எப்படிச் சொல்வது? நான் தேசிக்காய்த் தண்ணி கொடுத்தேன். ஹெல்மெட்டோடேயே குடித்தார். "காத்து வாங்கட்டும், அதைக் கழட்டுங்க ஐயா" என்று ஜோசப் அண்ணன்தான் கடைசியில் சொன்னார். கழற்றினார். இடக்கன்னத்தில், நரை எட்டிப்பார்க்கிற தாடிக்கு மேலே, மிளகளவில் கறுப்பாக இருந்தது மச்சம்! எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது.

கொம்பியூட்டரைக் காட்டவே இல்லை. பழைய படத்தை, கடல் தொட்ட அந்தக் கடதாசியை, அவர் கையில் கொடுத்தேன். "மாமா, உங்கட மச்சத்தத் தொடுங்க" என்றேன். இடக்கன்னத்தைத் தொட்டார். "இப்ப படத்தில இரிக்கிற உங்களுக்கு மச்சம் எந்தப் பக்கம்?" அவர் படத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். விலக்கிப் பிடித்தார். படத்தில் நிற்பவனைப் போலத் தானும் எழும்பி நின்று, கையால் தன் கன்னத்தையும் படத்தையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "பிள்ள, அப்ப இதில நிக்கிறது ஆரு?"

என்ன குடி என்று கேட்டார்கள்

ஜோசப் அண்ணன் படச்சுருளின் இரண்டு பக்கங்களையும் எடுத்துக் காட்டி விளக்கினார். பொக்கற்றையும் முந்தானையையும் நான் தொட்டுக் காட்டினேன். மாமா தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து சாந்தி அக்கா என் திரையில் இருந்த நேராக்கிய படத்தைப் பார்த்து முகம் சுளித்தார். "இது அம்மா மாதிரி இல்லையேகா" என்றார். அம்மா போனதிலிருந்து அவர் பார்த்து வந்தது சுவரில் இருந்த முகத்தைத்தான். ஒரு முகத்தைப் பக்கம் மாற்றினால் அது அந்த ஆளின் சொந்தக்காரர் முகம் மாதிரி ஆகிவிடும். நம்மவர்களுக்குத் தெரிந்த விசயம்.

ரமேஷ் அக்காவுக்குப் பின்னால் நின்றவன், மெல்ல முன்னால் வந்தான். அவனிடம் இத்தனை வருசமும் எந்தப் படமும் இருந்ததில்லை. அவன் பார்த்ததெல்லாம் ஐந்து, ஆறு வயதில் நேரில் பார்த்த முகம் ஒன்றுதான். திரைக்குக் கிட்டக் குனிந்தான். அவன் தோள் ஆடியது. "அக்கா, இவதான். இந்த முகம் எனக்குத் தெரியும்" என்றான். சாந்தி அக்கா அவனைப் பிடித்துக்கொண்டு பெரிதாக அழுதார். நான் அழுததையும் சொல்லிவிடுகிறேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

மாமா படத்தை மேசையில் வைத்தார். சேற்றுக்காலோடு நடந்து போய் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குக் கிறுக்கிப் பார்த்தார். "மருமகன், அழாத. முதல் அந்தப் பைய அவிட்டு உடுப்ப அலுமாரியில வெய்" என்றார். பிறகு மடியிலிருந்து தன் கைத்தொலைபேசியை எடுத்து என்னிடம் நீட்டி, பெண் வீட்டாரின் இலக்கத்தை அழுத்தித் தரச் சொன்னார். மணி அடித்து மறுபக்கம் ஆள் எடுத்ததும், வட்டையில் நின்று அடுத்த வட்டைக்காரரைக் கூப்பிடுகிற குரலில், ஸ்டூடியோ அதிரச் சொன்னார்: "மாப்பிள என்ன குடி எண்டு கேட்டிருந்தீங்க. மறுமொழி சொல்லச் சுணங்கிப்போச்சு. அவன் என்ட அக்காட மகன், எங்கட குடிதான்; கலியாணத்துக்கு நாள் பாருங்க!"

கறை, மடிப்பு, மங்கல் நிறம் என்று நான் பார்த்துப் பார்த்துச் செய்த திருத்தம் ஒன்றையும் அந்தக் குடும்பத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. கை தவறி அழுத்திய அந்த ஒரு அழுத்துக்குத்தான் இன்றைக்கும் அவர்கள் வீட்டு விசேசங்களில் என்னை முன்வரிசையில் இருத்துகிறார்கள்.